ஊரார் நடந்து அளந்த வரைபடத்துக்கு என்ன மதிப்பு?

வாசகர் கேள்வி, 9 ஜூலை 2023

காட்டோரத்து ஊர்களில் மக்களே ஜி.பி.எஸ். கருவியுடன் நடந்து எல்லை குறிப்பதையும், வீடு வீடாகக் கணக்கெடுப்பதையும் பார்க்கிறேன். பழங்குடியினரின் உரிமைக்கு இது பெரிய ஆயுதம் என்கிறார்கள். நில அளவைத் துறையின் புல வரைபடமும் வனத்துறையின் எல்லைக் கற்களும் இருக்கும்போது, உரிமை கோருபவரே தயாரித்த கணக்கை எந்த அதிகாரி ஏற்பார்? தன் வழக்குக்குத் தானே சாட்சி சொல்வது போல ஆகாதா?

10 ஜூலை 2023

தானே சாட்சி சொல்வதுதான். ஆனால் எதிர்த்தரப்பும் அதையேதான் செய்கிறது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின்கீழ் ஒரு மலையைக் காப்புக்காடாக அறிவித்தபோது எல்லையை எழுதியதும், கல் நட்டதும், குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் வராததால் உரிமை யாருக்கும் இல்லை என்று பதிந்ததும் அந்தக் காட்டை எடுத்துக்கொண்ட அரசுதான். எழுத்தறியாத ஊருக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுத்துவிட்டு, பதில் வரவில்லை என்று கோப்பை மூடிய கதை அது. வனத்துறையின் வரைபடமும் ஒரு தரப்பின் வாக்குமூலம் என்று ஒப்புக்கொண்டால் உங்கள் கேள்வி பாதி கரைந்துவிடும்.

மீதிப் பாதிக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. காட்டில் வாழ்பவர்களின் உரிமைகளை ஏற்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள் 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரில் சென்று பார்த்து, அடையாளம் காணக்கூடிய நிலக்குறிகளோடு வரைபடம் தயாரிக்கும் பொறுப்பை 12ஆம் விதி, கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவிடமே ஒப்படைத்திருக்கிறது. 13ஆம் விதி அரசு ஆவணங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் வீடு, குடிசை, சமன்படுத்திய நிலம், தடுப்பணை, இடுகாடு போன்ற பௌதிகத் தடயங்களையும், கோருபவரல்லாத மூத்தோர் சொல்லி எழுத்தில் பதிந்த வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது. இன்ன ஆவணம்தான் வேண்டும் என்று கோட்ட, மாவட்ட அளவிலான மேல்நிலைக் குழுக்கள் அடம்பிடிக்கக் கூடாது என்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. ஆக, ஊரார் வரைவது அதிகாரி மனமிரங்கி ஏற்கவேண்டிய ஒன்றாக இங்கே இல்லை. நடைமுறை தொடங்கும் இடமே அதுதான்.

10 ஜூலை 2023, இரவு

காலையில் எழுதியது ஏதோ எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்ற தோற்றத்தைத் தருகிறது. தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016இல்தான். நடுவில் போன எட்டு ஆண்டுகளில், வாக்குமூலம் கொடுத்திருக்கக்கூடிய மூத்தோர் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காகிதம் காத்திருக்கும், சாட்சி காத்திருக்க மாட்டார்.

16 ஜூலை 2023

என் அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். சத்தியமங்கலம் மலைப்பக்கம் சோளகர் பழங்குடியினர் வாழும் ஓர் ஊரில், எல்லை நடையின்போது கருவி தூக்கும் வேலை எனக்கு வாய்த்தது. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

முதல் நாள் காலை நான்கு மூத்தவர்கள், ஏழெட்டு இளைஞர்கள், நான். நான் மனத்தில் வைத்திருந்தது ஒரு கோடு: ஓரிடத்தில் தொடங்கி, சுற்றி வந்து, அதே இடத்தில் முடியும் கோடு. மூத்தவர்கள் நடந்ததோ ஒரு கதை. ஒரு பாறையில் நின்று, இங்கேதான் இன்னாருடைய பாட்டனைக் கரடி பிடித்தது என்றார்கள். ஒரு மாமரத்தடியில், பழைய ஊர் இங்கே இருந்தது, அம்மை வந்தபோது விட்டுப் போனோம் என்றார்கள். கேழ்வரகு அரைத்த கல் ஒன்று புல்லுக்குள் பாதி புதைந்து கிடந்தது. நான் ஒவ்வோர் இடத்திலும் பொத்தானை அழுத்தி எண் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் 61 புள்ளிகள் சேர்ந்தன. எல்லை ஒரு கல் தொலைவுகூட நகரவில்லை. எரிச்சலாக இருந்தது. அந்த 61 புள்ளிகள்தான் பின்னர் கோரிக்கையின் முதுகெலும்பாக நின்றன என்பதையும், நான் ஆசைப்பட்ட அழகான சுற்றுக்கோட்டை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை என்பதையும் இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வரைபடத்தைப் பழைய நிலவரைத்தாளின் மேல் பொருத்தியபோது எல்லாம் தள்ளி நின்றது. ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கோயில் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. உடன் பார்த்த அலுவலர் ஒருவர், ஊர்க்காரர்கள் கோயிலையே நகர்த்திவிட்டார்கள் என்று சிரித்தார். கருவியின் கோளாறு அது.

18 ஜூலை 2023

திருத்தம். கருவியின் மேல் பழி போட்டது தவறு, கோளாறு என்னுடையது. பழைய இந்திய நிலவரைத்தாள்கள் பூமியின் வடிவத்தை 19ஆம் நூற்றாண்டில் கணக்கிட்ட எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். கருவி டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறோர் அடிப்படையில் பேசும். இரண்டையும் மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் புள்ளிகள் தள்ளித்தான் விழும். கணக்கை நான் செய்யவில்லை. என் பிழைக்காக ஊரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு புள்ளி இடறியதும் 61 புள்ளிகளும் சந்தேகத்துக்கு உள்ளாயின. அரசின் வரைபடத்தில் இதே பிழை இருந்தால் அதற்கு எழுத்துப்பிழை என்று பெயர். ஊரார் வரைபடத்தில் இருந்தால் மோசடி.

29 ஜூலை 2023

மலைக்கு அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழ்பவர்களும் சோளகரின் உறவினர்தாம். அங்கே சோலிகர் என்பார்கள். 1974இல் சரணாலயம் வந்தபோது காட்டுக்குள் இருந்த ஊர்கள் பெயர்க்கப்பட்டன, வேட்டையும் எரிபுனச் சாகுபடியும் நின்றன. 2011 தொடக்கத்தில் அது புலிகள் காப்பகமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அங்குள்ள கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

அதற்கு முன்பே சோலிகர் தங்கள் வழிபாட்டிடங்களை, ஏட்ரீ என்னும் பெங்களூரு ஆய்வு நிறுவனத்தாருடன் சேர்ந்து, நடந்து நடந்து குறித்திருந்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிலப்பரப்பு. அதற்கு எல்லே என்று பெயர். அதற்குள் தேவரு, மாரம்மா, வீரு என்னும் தெய்வங்கள், நீருக்கான அப்பி, முன்னோர் கல் நிற்கும் கல்லுகுடி என்று ஐந்து இருக்க வேண்டும். நமக்கு எல்லை என்றால் வெளியே இருக்கும் கோடு. அவர்களுக்கு எல்லே என்றால் உள்ளே இருக்கும் ஐந்து. என் முதல் நாள் எரிச்சலுக்கு விளக்கம் இங்கே கிடைத்தது.

இன்னொன்று: தரவு என்றதும் நாம் நிலத்தையே நினைக்கிறோம். கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்குச் சிறுதீ வைப்பதை அவர்கள் தரகு பெங்கி என்பார்கள். அந்தத் தீ தடுக்கப்பட்ட பிறகு உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்று அவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். ஆய்வாளர்கள் கட்டம் கட்டிச் செடி எண்ணியபோது உண்ணிச்செடி பரவியிருப்பது எண்களாகவும் வந்தது. எண் வரும்வரை அது புலம்பல்; எண் வந்த பிறகு கண்டுபிடிப்பு.

2 ஆகஸ்ட் 2023

எந்தக் கைப்பேசிச் செயலி சிறந்தது என்று கேட்டவருக்கு: மலையில் மின்னூட்டம் தீராத செயலி எதுவோ அது.

13 ஆகஸ்ட் 2023

நீதிமன்றம் ஏற்குமா என்ற முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மலேசியாவின் சரவாக்கில் ரூமா நோர் என்னும் நீள்வீட்டின் (ஊரே ஒரே கூரையின்கீழ் வாழும் நெடிய வீடு) இபான் பழங்குடி மக்கள், தங்கள் மரபுநிலத்தை ஒரு காகித மரத் தோட்ட நிறுவனம் அழிப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். ஊரார் தயாரித்த வரைபடம் சான்றாக வந்தது. 2001 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே சரவாக் சட்டமன்றம் நில அளவையாளர் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உரிமம் பெறாதவர் நிலம் அளப்பது குற்றமாயிற்று. ஊரார் வரைபடத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்களே, அதைத் தடுக்க ஒரு சட்டமே இயற்றினார்கள். மதிப்பில்லாத பொருளுக்கு யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள். மேல்முறையீட்டில் 2005இல் மரபுரிமைக் கொள்கை நிலைத்தது, அந்தக் குறிப்பிட்ட நிலத்துக்கான சான்று போதாது என்று தீர்ப்பு மாறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கனடாவில் கிட்சான், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் மரபுநில உரிமை கேட்டுத் தொடுத்த தெல்கமூக்கு வழக்கு. நிலத்தோடு ஒட்டிய பாடலும் வாய்மொழி வரலாறுமே அவர்களிடம் இருந்த பத்திரம். விசாரணையில் ஒரு மூதாட்டி பாட முன்வந்தபோது, தமக்கு இசைக்காதே கிடையாது என்று நீதிபதி தடுத்துப் பார்த்தார், மூதாட்டி பாடினார். 1991இல் தோல்வி. 1997இல் கனடிய உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றை ஆவணச் சான்றுக்கு ஈடாகக் கருத வேண்டும் என்று கூறி மறுவிசாரணைக்கு அனுப்பியது. பாடல் மாறவில்லை. கேட்கும் காதைத் தயார்படுத்தப் பல ஆண்டுகள் ஆயின.

15 ஆகஸ்ட் 2023

மேலே சொன்னதோடு குஜராத்தையும் சேர்க்க விட்டுப்போயிற்று. அங்கே ஊரார் தம் கோரிக்கை நிலங்களை ஜி.பி.எஸ். கொண்டு அளந்து செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தார்கள். அரசோ செயற்கைக்கோள் படத்தைக் காட்டியே கோரிக்கைகளைத் தள்ளியது. 2013இல் குஜராத் உயர் நீதிமன்றம், அந்தப் படத்தை மட்டும் நம்பி மறுக்கக் கூடாது என்று சொல்லி மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டது. ஒரே வானத்துப் படம், இரண்டு தரப்புக்கும் சாட்சி.

27 ஆகஸ்ட் 2023

16 ஜூலைக் குறிப்பை மறுபடியும் படித்தேன். நான்கு மூத்தவர்கள், ஏழெட்டு இளைஞர்கள் என்று எழுதியிருக்கிறேன். அனைவரும் ஆண்கள். எழுதும்போதுகூட எனக்கு அது உறைக்கவில்லை.

நடை முடிந்து வரைபடத்தைச் சாவடியில் விரித்தபோது பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒரு பாட்டி வெகுநேரம் குனிந்து தேடிவிட்டு, இந்த ஊரில் யாரும் சோறு ஆக்குவதில்லையா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. தேன்பாறை இருந்தது, கோயில் இருந்தது, மாடு மேய்க்கும் பட்டி இருந்தது. கிழங்கு தோண்டும் சரிவு, கோடையிலும் வற்றாத ஊற்று, சீமாறுப் புல் அறுக்கும் மேடு, விறகுப் பாதை, எதுவுமே இல்லை. அடுத்த வாரம் பெண்கள் தனியாக நடந்தார்கள். கருவியை ஒரு பள்ளி மாணவி வைத்துக்கொண்டாள். அந்த நடையில் கிடைத்த பரப்பு ஆண்கள் குறித்ததைத் தாண்டி இரண்டு பக்கம் வெளியே போயிற்று. சிறு வனப் பொருள் சேகரிக்கும் உரிமைதான் சட்டத்தில் ஊருக்குப் பணமாக மாறக்கூடிய உரிமை. அதற்கான சான்று முழுவதும் பெண்களின் காலடியில் இருந்தது. அந்தப் பாட்டி கேட்டிராவிட்டால் பாதிக் காட்டை நாங்களே எழுதிக் கொடுத்திருப்போம்.

10 செப்டம்பர் 2023

விரிந்த பரப்பால் ஒரு வில்லங்கமும் வந்தது. பக்கத்து ஊரின் நடைக்கோட்டோடு ஒரு மேய்ச்சல் மேடு இரட்டையாக விழுந்தது. இரண்டு ஊரும் தலைமுறைகளாகச் சேர்ந்தே மாடு ஓட்டிய மேடு, சண்டை கிடையாது. கோடு வந்ததும் சண்டை வந்தது. கூட்டம் கூடி, இரு கிராம சபைகளும் பொதுவாகப் பயன்படுத்தும் இடம் என்று எழுதித் தீர்மானம் போட நான்கு மாதம் ஆயிற்று. கோடு போடும் உரிமை கிடைத்தவன் கோடு வேண்டாம் என்று எழுதவும் கற்றுக்கொள்ள வேண்டும். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை; எனக்கே தெரியாது.

24 செப்டம்பர் 2023

ஊர்ப் பெயரை ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன்.

தேன்பாறைகளையும் வரைபடத்தில் குறித்திருந்தோம். பரப்பினால் நல்லது என்ற உற்சாகத்தில் அந்தக் கோப்பை இணையத்தில் எவரும் திறந்து பார்க்கும்படி ஏற்றினேன். ஊரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. அடுத்த தேன் பருவத்தில் வெளியாட்கள் இரண்டு பாறைகளில் அடைகளை அடியோடு அறுத்துப் போயிருந்தார்கள். கோப்பைப் பார்த்துத்தான் வந்தார்களா என்று நிரூபிக்க வழியில்லை. ஊரில் யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. அடுத்த நடைக்குப் போனபோது மூப்பர் கருவியை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்போதுதான் மற்ற இடங்களில் இதைப்பற்றி என்ன பேசியிருக்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். அரிசோனாவின் ஹவசுப்பாய் மக்கள் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று குருதி கொடுத்தார்கள். அது அவர்கள் ஒப்பாத வேறு ஆய்வுகளுக்கும், அவர்களின் தோற்றக் கதையை மறுக்கும் இடப்பெயர்வு ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது. 2010இல் ஆய்வை நடத்திய பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து மாதிரிகளைத் திருப்பித் தந்தது. கனடாவின் முதற்குடிகள் 1998இலேயே தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என்று நான்கையும் தமக்கே கோரினார்கள். எல்லாருக்கும் திறந்த தரவு என்ற கொள்கை, ஏமாற்றப்பட்டவனுக்கும் ஏமாற்றியவனுக்கும் ஒரே சாவியைக் கொடுக்கிறது என்பதுதான் இவர்களின் வாதம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது அந்த ஊரில் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. கோரிக்கையோடு போவதில் தேன்பாறைகளும் சில வழிபாட்டிடங்களும் புள்ளியாக இல்லை; பெயரும் பயன்பாடும் வாக்குமூலத்தில் மட்டும் உண்டு. மற்றொன்று மூப்பர் வீட்டுத் தகரப் பெட்டியில்.

8 அக்டோபர் 2023

நிலத்தை விட்டுத் தலைக்கணக்குக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் இதே கதைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் என்ற கேள்விக்குக் குறிக்கப்பட்ட ஆறு பெரிய சமயங்களில் தம் வழிபாட்டுக்கு இடமில்லாத மத்திய இந்தியப் பழங்குடியினர், பிற என்னும் பிரிவில் சர்னா என்று சொல்லிப் பதியவைத்தார்கள். அவ்வாறு பதிந்தவர் ஏறத்தாழ 49 லட்சம். தனிப் பெட்டி பெற்றிருந்த சமணரின் எண்ணிக்கை ஏறத்தாழ 44 லட்சம். 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தனிக் குறியீடு கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியபோது கையில் இருந்த வாதம் இந்த எண்தான். படிவத்தை அரசு தயாரித்தது. பதிலை மக்கள் தயாரித்தார்கள்.

ஐக்கிய நாடுகள் அவையின் 2007 பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை வைத்துக் கேள்விப் பட்டியல் தயாரித்து, ஊரார் தாமே நிரப்பும் பூர்வகுடி வழிகாட்டி என்ற ஏற்பாடும் வங்கதேசம், நேபாளம், கென்யா, பெரு போன்ற நாடுகளில் நடக்கிறது. அந்தப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த 144 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் இங்கே எல்லாரும் பூர்வகுடிகள்தான் என்பது அரசின் நிலைப்பாடு. எல்லாரும் பூர்வகுடி என்றால் கேள்விப் பட்டியலை யாரிடம் கொடுப்பது என்று அரசைத்தான் கேட்க வேண்டும்.

5 நவம்பர் 2023

இத்தனையும் எழுதிவிட்டு ஒரு மறுபரிசீலனை. 2019 பிப்ரவரி 13 அன்று, வன உரிமைக் கோரிக்கை தள்ளுபடியானவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது; பாதிக்கப்படக்கூடிய கோரிக்கைகள் பத்து லட்சத்துக்கும் மேல். 15 நாளில், 28ஆம் தேதி, அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த 15 நாளில் எனக்குத் தொலைபேசியில் வந்த கேள்வி ஒன்றுதான்: கோரிக்கை போடாமலே இருந்திருந்தால் நாங்கள் இந்தப் பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டோம் அல்லவா?

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தன்னைத் தானே எண்ணிக்கொண்டு போய் நின்றவனின் முகவரி அரசிடம் இருக்கிறது. எண்ணாமல் இருந்தவனின் முகவரி இல்லை. ஆனால் எண்ணாமல் இருந்தவர்களையும் அந்தக் காடுகளிலிருந்து பெயர்த்திருக்கிறார்களே. 1974இல் பிலிகிரிரங்கன் மலையில் யாரும் கோரிக்கை போட்டிருக்கவில்லை. ஆகவே தரவு ஆபத்தைக் கொண்டுவருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். அதைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்ட ஓர் இடம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்லவேண்டிய ஓர் இடம் இல்லாதபோது, தரவு கொடுத்தவனின் மேல்தான் திரும்பும் என்கிறேன். தள்ளுபடி ஆணைகளில் காரணமே எழுதப்படாதவற்றை நானே பார்த்திருக்கிறேன். எனவே நாங்கள் இப்போது நிலத்தோடு சேர்த்து இன்னொரு கணக்கும் வைக்கிறோம்: எந்தத் தேதியில் எந்த மனு கொடுத்தோம், யார் பெற்றார், ஒப்புகை கொடுத்தாரா, எத்தனை நாளில் என்ன பதில். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். வரைபடத்தைவிட அதைக் காட்டும்போதுதான் எதிரில் இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்.

21 ஜனவரி 2024

முதல் கேள்வியைக் கேட்டவர் தம் பகுதியில் ஒரு நடை தொடங்கப்போவதாக எழுதியிருக்கிறார். அவசரமாகச் சில: கருவியின் அமைப்பில் எந்த அடிப்படை என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். முதல் நடையைப் பெண்களிடம் விடுங்கள். எதை வெளியே காட்டலாம் என்பதைக் கிராம சபை நடைக்கு முன்பே முடிவுசெய்யட்டும், பின்பு அல்ல. குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். மலை மழையில் பேனா மை கரைந்து, என் 61 புள்ளிகளில் ஒன்பதின் பெயர்களை இரண்டாம் முறை போய்க் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை கேட்டபோது ஒரு பாறைக்கு வேறு பெயர் சொன்னார்கள். முதலில் சொன்னது வெளியாளுக்குச் சொல்லும் பெயராம்.